ஒரு ரூபாய்க்குள் அடங்க வேண்டிய கணக்கு: சாஷேயில் எது வளர்கிறது, எது ஒழுகுகிறது

பாட்டிலில் விற்கிற சரக்குக்குச் செலவு கூடினால் விலையை ஏற்றிவிடலாம். 185 ரூபாய் பாட்டில் 192 ஆனால் கடையில் யாரும் சண்டைக்கு நிற்கப் போவதில்லை. சாஷே என்கிற சின்னப் பாக்கெட்டில் அந்த வழியே கிடையாது. ஒரு ரூபாய் சாஷேயை 1.10க்கு விற்க முடியாது, சில்லறைக்கு அண்ணாச்சி எங்கே போவார்? ஆக விலை அசையாமல் நிற்க, மற்றதெல்லாம் அசைகிறது. உள்ளே இருக்கும் மில்லி, உறைக்கான பிளாஸ்டிக் ஃபிலிமின் தடிமன் (மைக்ரான் கணக்கில்), ஓரத்தை உருக்கி ஒட்டும் சீலின் அகலம், ஒரு சரத்தில் எத்தனை, கடைக்காரர் மார்ஜின் என எல்லாமே மாறும்.

சாஷே சந்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளர்கிறது என்று அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பேக்கிங் லைனில் நிற்பவருக்கு அந்த வளர்ச்சி வேறு வடிவத்தில் தெரியும். எந்த அளவுக்கு மெஷினை மாற்றச் சொல்கிறார்கள், புதிதாக எந்தச் சரக்கைக் கொண்டு வருகிறார்கள், எந்த ஃபிலிமை ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிறிய பேக்கிங் யூனிட் போட நினைப்பவர்களுக்கும், தங்கள் ஷாம்புவையோ மசாலாவையோ கூலிக்குப் பேக் செய்யும் ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்று நினைப்பவற்றை இங்கே எழுதுகிறோம்.

தொடக்கம் கடலூர். பணம் உள்ளவர் பாட்டிலாக வாங்குவதைக் கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்க வேண்டுமென்றால், ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் கட்டி விற்க வேண்டும் என்று சின்னி கிருஷ்ணன் நினைத்தார். அவர் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு 1980களில் தென்னிந்தியப் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கியது. குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து வந்த மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். இன்றைய கெவின்கேர் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஐந்து காலி சாஷே கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். முதலில் எந்த ஷாம்புவின் காலி உறையையும் வாங்கிக்கொண்டார்கள், பிறகு சிக் உறை மட்டும்தான் என்று மாற்றினார்கள். 1990களின் கடைசியில் விலையை 50 பைசாவுக்குக் கொண்டு வந்தபோது விற்பனை எகிறியது. பெரிய கம்பெனிகளெல்லாம் சாஷேக்கு இறங்கி வந்ததற்கு இந்தக் கடலூர்க்காரர்களும் ஒரு காரணம்.

சிறிய பாக்கெட்டில் வாங்குவதால் ஏழைக்கு நஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பல நாடுகளில், பல சரக்குகளில் அது உண்மையும்கூட. ஆனால் நம் ஊர் ஷாம்புவில் கணக்கு தலைகீழ். 6 மில்லி ஒரு ரூபாய் என்றால் 100 மில்லி 17 ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. அதே பெயரில் பாட்டில் வாங்கினால் 100 மில்லிக்கு இரண்டு மூன்று மடங்கு ஆகும். அதனால்தான் வசதியான வீடுகளிலும் இரண்டு சரம் வாங்கி ஆணியில் மாட்டி வைக்கிறார்கள். காபித்தூள், கெட்சப், மசாலா எதிலும் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. ‘சாஷே என்றால் லாபம் கொட்டும்’ என்று கிளம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். ஷாம்புவில் நீங்கள் மோதப் போவது பாட்டிலோடு அல்ல, ஏற்கெனவே எலும்பு வரை சீவி வைத்த ஒரு ரூபாயோடு.

அந்த ஒரு ரூபாயைப் பிரித்துப் பார்க்கலாம். ஜிஎஸ்டி 5 சதவீதம் போக 95 பைசா. கடைக்காரருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சேர்த்து 20 சதவீதம் என்று வைத்தால் கையில் நிற்பது 76 பைசா. 60க்கு 90 மி.மீ சாஷே ஒன்றுக்கு முன்பக்கம் பின்பக்கம் சேர்த்து 0.0108 சதுர மீட்டர் ஃபிலிம் போகும். 12 மைக்ரான் பெட் (PET என்ற பாலியெஸ்டர்), 12 மைக்ரான் மெட்டலைஸ்டு பெட் (உலோகப் பூச்சு ஏற்றியது), 50 மைக்ரான் பாலித்தீன் என்று மூன்று அடுக்கும், மை, பசையும் சேர்த்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 86 கிராம். ஒரு சாஷேக்கு 0.93 கிராம். வேஸ்டேஜ் போக ஒரு கிலோ ஃபிலிமில் ஆயிரத்துச் சொச்சம் சாஷே வரும். ஃபிலிம் கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 25 பைசா. ஷாம்பு கிலோ 50 ரூபாய் அடக்கம் என்றால் 30 பைசா. மீதி 21 பைசாவில்தான் பெட்டி, கரண்ட், கூலி, லாரி, விளம்பரம் எல்லாம்.

அதனால் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை ஃபிலிமில் கை வைப்பது. பாலித்தீனை 50 மைக்ரானிலிருந்து 40க்கு இறக்கினால் ஃபிலிம் எடையில் பத்து சதவீதம் குறையும், அதாவது சாஷேக்கு இரண்டரைப் பைசா மிச்சம். ஒரே நேரத்தில் ஆறு வரிசை ஓட்டும் ஆறு டிராக் மெஷின் நிமிடத்துக்கு 50 தடவை அடித்தால் 300 சாஷே. ஷிஃப்டில் 420 நிமிடம் உருப்படியாக ஓடினால் 1,26,000. அந்தக் கணக்கில் ஒரு ஷிஃப்டுக்கு 3,150 ரூபாய் மிச்சம், காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஓரத்தில் ஒரு துளி ஷாம்பு பட்டிருந்தாலும் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு இரண்டு பக்கமும் உருகி ஒட்டுவது இந்தப் பாலித்தீன்தான். அது மெலிந்தால் அந்தத் தாங்கும் சக்தி குறையும். ஒரு சாஷே ஒழுகினால் சரம் முழுதும் பிசுபிசுக்கும், பெட்டியின் அட்டை ஊறும், கடைக்காரர் பெட்டியையே திருப்பி அனுப்புவார். நுனிக்குழாய் சொட்டு விடாத நல்ல ஃபில்லர் (சரக்கை நிரப்பும் கருவி) இருந்தால் மட்டும் மைக்ரானைக் குறையுங்கள். இல்லாவிட்டால் அந்த 3,150 உங்களுடையது அல்ல.

என்ன வளர்கிறது?

எந்த நாணயத்துக்கு விற்கிறார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும் மாற்றம். ஒரு ரூபாய் இன்னும் ஷாம்புவில் உயிரோடு இருக்கிறது. மற்றவை 2, 5, 10 என்று நகர்ந்துவிட்டன. பாமாயிலும் கச்சா எண்ணெயும் விலை ஏறிய 2022இல் விலையைத் தொடாமல் கிராமைக் குறைத்தார்கள், பிஸ்கெட், சோப்பு எதுவும் தப்பவில்லை. அதற்கு நேர்மாறாக 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலைக்கு எண்ணெய், பற்பசைக்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஒரு ரூபாயை 89 பைசா ஆக்கிக் கடையில் விற்பது சிரமம் என்பதால் சிறிய பாக்கெட்டுகளில் அளவைக் கூட்டும் வழிக்கே பலர் போனார்கள்.

இதைப் பேப்பரில் படிக்கிறவருக்கு ‘கிராமைக் கூட்டினார்கள்’ என்று ஒரு வரி. லைனில் அது அவ்வளவு லேசு இல்லை. வரிக் குறைப்பு முழுவதையும் அளவாகத் தர வேண்டுமென்றால் 118ஐ 105ஆல் வகுக்க வேண்டும், அதாவது 12 சதவீதத்துக்கு மேல். 6 மில்லி என்பது 6.7 மில்லி ஆகும். சாஷே அதே 60க்கு 90தான், அச்சு சிலிண்டரும் அதேதான். மேல் சீலுக்குக் கீழே விட்டிருந்த காலி இடம் அந்த 0.7 மில்லிக்குப் போய்விடுகிறது. சூட்டோடு அமுக்கிச் சீல் போடும் ஜா மூடும்போது சரக்கு மேலே எழும்பி சீல் வருகிற இடத்தை நனைக்கும். நேற்று வரை ஒழுகாத லைன் இன்று ஒழுகும், யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். அளவைக் கூட்டச் சொன்னால் சாஷே நீளத்தை 4, 5 மி.மீ கூட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் நிரப்பும் நேரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளி, ஜா மூடுவதற்குள் சரக்கு கீழே உட்கார அவகாசம் கொடுங்கள். வேகத்தை 50இலிருந்து 44, 45க்கு இறக்க வேண்டியிருக்கும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் ஜாப் ஒர்க் ரேட் பேச வேண்டும்.

சரக்கின் வகையும் மாறுகிறது. துணி துவைக்கும் லிக்விட், துணி வாசனை திரவம், ஷாம்பு போலப் போட்டுக் கழுவும் தலைச்சாயம், இஞ்சி பூண்டு விழுது ஆகியவை இப்போது அதிகம் வருகின்றன. தண்ணீர் சேர்த்துக் கலக்கும் ரகமும் வருகிறது. கோத்ரெஜ் 2018இல் கொண்டு வந்த ஹேண்ட்வாஷ் பவுடர் அந்த வகை, பாக்கெட்டைக் கிழித்து வீட்டுப் பாட்டிலில் தண்ணீரோடு கலந்துகொள்ள வேண்டும். தண்ணீரை லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவதை நிறுத்துகிற யோசனை. எங்கள் கணிப்பில் சாஷேயின் அடுத்த பத்து வருடம் இந்தப் பக்கம்தான். ஒரு ரூபாய் ஷாம்புவில் புதிதாக நுழைகிறவருக்கு இடமே இல்லை. 10, 15 ரூபாய் அடர்த்தி சரக்கில் ஃபிலிம் விலை மொத்தத்தில் சிறு பங்கு ஆவதால் நல்ல ஃபிலிம் போடலாம், ஒழுகாது, மூச்சுவிட இடம் இருக்கும்.

சீல்: பணம் போகிற இடம்

ஒழுகலுக்கு நூறு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் சூடு, அழுத்தம், நேரம், அழுக்கு என்ற நான்கில்தான் வந்து நிற்கும். எது என்று கண்டுபிடிக்க மெஷினைக் கழற்ற வேண்டியதில்லை. சீல் போட்ட இடத்திலிருந்து 15 மி.மீ அகலப் பட்டை ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். ஸ்டிக்கர் உரிவதுபோல் சுத்தமாகப் பிரிந்து வந்தால் சூடு பத்தவில்லை. சீலின் உள்ஓரத்தில் படக்கென்று அறுந்தால் சூடு அதிகம், அங்கே பாலித்தீன் மெலிந்து போயிருக்கிறது. பாலித்தீன் நூல் நூலாக இழுபட்டு, கடைசியில் ஃபிலிம் கிழிந்தால் சரியான சீல். ஒரு பக்கம் உரிந்து மறுபக்கம் கிழிந்தால் ஜா சமமாக மூடவில்லை. இழுவிசை பார்க்கும் கருவி இருந்தால் 50 மைக்ரான் பாலித்தீனுக்கு அந்தப் பட்டை 1.5 கிலோவாவது தாங்க வேண்டும்.

ஜா சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கார்பன் பேப்பர் போதும். மெஷின் ஆறியிருக்கும்போது வெள்ளைத்தாளும் கார்பனும் சேர்த்து ஜாவுக்கு நடுவில் வைத்து ஒரு தடவை மூடித் திறங்கள். பதிவு ஒரு முனையில் கருத்தும் மறுமுனையில் மங்கியும் இருந்தால் ஸ்பிரிங்கையோ அலைன்மென்ட்டையோ சரி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் சூட்டை ஏற்றிச் சமாளிப்பது ஆபரேட்டர்களின் பழக்கம். மங்கிய முனை ஒட்டிவிடும், கருத்த முனை கருகிவிடும்.

பெட் வெளியடுக்கு உள்ள சாதாரண ஃபிலிமுக்கு 140 முதல் 160 டிகிரி வரை ஓட்டலாம். இது டிஸ்பிளேயில் தெரியும் எண் அல்ல, ஜாவின் முகத்தில் இருக்க வேண்டிய சூடு. சூட்டை உணரும் தெர்மோகப்புள் தளர்ந்திருந்தால் டிஸ்பிளே 150 காட்டும், ஜா 130இல் இருக்கும். தொட்டு அளக்கும் புரோப் ஒன்று வாங்கி, வாரம் ஒரு முறை ஒவ்வொரு டிராக்கிலும் இரண்டு முனையையும் நடுவையும் அளந்து எழுதி வையுங்கள். 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஹீட்டர் போகப்போகிறது என்று அர்த்தம். போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

அழுக்குதான் ஷாம்புவில் பெரிய தலைவலி. ஷாம்பு நூல் விடும். பிஸ்டன் நின்ற பிறகும் குழாய் நுனியிலிருந்து மெல்லிய நூல் இறங்கி, ஃபிலிம் நகரும்போது சரியாகச் சீல் விழும் இடத்தில் படியும். நுனியில் மூடிக்கொள்ளும் வால்வும், கொஞ்சம் பின்னுக்கு உறிஞ்சும் அமைப்பும் இல்லாத ஃபில்லரில் ஷாம்பு ஓட்டவே கூடாது. அதோடு அன்று கலக்கிய ஷாம்புவை அன்றே ஓட்டாதீர்கள். நுரை அடங்க ஒரு நாள் டாங்கியில் நிற்கட்டும். மெஷினின் ஹாப்பர் தொட்டிக்கு மேலிருந்து கொட்டினால் மறுபடி காற்று ஏறும், குழாயை அடிவரை விட்டு நிரப்புங்கள். காற்று கலந்த ஷாம்பு அளவிலும் ஏமாற்றும். பிஸ்டன் 6 மில்லி தள்ளும், அதில் கால் மில்லி காற்று.

அளவைச் சோதிக்க எடைதான் வழி. அரை மணிக்கொரு முறை ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் பத்து சாஷே எடுத்துச் சேர்த்து எடை போடுங்கள். அதே ரோலின் காலி சாஷே பத்தின் எடையைக் கழியுங்கள், பழைய ரோலின் கணக்கைக் கழித்தால் தப்பாகும். மார்கழிக் காலையில் ஷாம்பு கெட்டியாக இருக்கும், மதியம் இளகும். காலையில் வைத்த செட்டிங் மதியம் 0.2 மில்லி கூடுதலாகத் தள்ளினால் ஷிஃப்டுக்கு 25 லிட்டர் வெளியே போகிறது. அது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கூடுதலாக வந்த சரக்குக்கு எந்த வாடிக்கையாளரும் புகார் எழுதுவதில்லை.

தூள் சரக்கில் கதை வேறு. மசாலாத் தூள் பறந்து ஃபிலிமில் ஒட்டும், ஃபிலிமில் ஏறும் நிலைமின்சாரம் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். தூசி உறிஞ்சும் குழாயும் நிலைமின்சாரம் போக்கும் பாரும் இல்லாவிட்டால் சீலில் செம்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் காற்று போகும் வழி. இன்ஸ்டன்ட் காபியில் எதிரி ஈரம். சென்னையில் மழைக்காலத்தில் அறையைத் திறந்து வைத்து ஓட்டினால் நிரப்பும் முன்பே தூள் கட்டிவிடும், அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். உறையிலும் மெட்டலைஸ்டு போதாது, அலுமினிய ஃபாயில் வேண்டும். ஊறுகாய்க்கு அதற்கு நேரெதிர். புளிப்பும் உப்பும் பாலித்தீனைத் தாண்டிப் போய் மெட்டலைஸ்டு அடுக்கை மெல்லத் தின்னும். ஒரு மாதத்தில் வெள்ளி நிறம் திட்டுத் திட்டாக மறைந்து உள்ளே இருப்பது தெரியும். ஊறுகாய்க்கு நைலான் சேர்த்த ஃபிலிம் கேளுங்கள், மாங்காய்த் துண்டையும் சிறியதாக நறுக்கச் சொல்லுங்கள்.

வாசனைப் பொருள் செய்கிற வேலையைப் பலர் கவனிப்பதில்லை. ஷாம்பு வாசனை, மெந்தால், கிராம்பு எண்ணெய், வலி நிவாரண எண்ணெய் இவையெல்லாம் உள் அடுக்கைத் தாண்டிப் பசையைத் தாக்கும். தயாரித்த அன்று அருமையாக இருக்கும். ஆறு வாரம் கழித்துக் கடையில் கொப்புளம் கொப்புளமாக அடுக்கு பிரியும். புதுச் சரக்கு எதுவாக இருந்தாலும் நிரப்பிய சாஷேக்களை 45 டிகிரி ஓவனில் நான்கு வாரம் வைத்து, அடுக்குகள் பிரிகிறதா என்று பார்த்த பிறகே பெரிய ஆர்டர் கொடுங்கள். இன்னொன்று, அடுக்குகளை ஒட்டும் லேமினேஷன் முடிந்து பசை இறுகாத ரோலை அவசரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ரோல் லேபிளில் லேமினேஷன் தேதியைக் கேட்டு வாங்குங்கள். சூடான க்யூரிங் அறையில் இரண்டு நாளாவது இருந்திருக்க வேண்டும், சாதாரண அறை என்றால் ஒரு வாரம்.

ஒழுகலைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் நிரப்பிய வேக்யூம் டெசிகேட்டர் (காற்றை உறிஞ்சி எடுக்கும் மூடிய பாத்திரம்) எல்லா யூனிட்டிலும் இருக்க வேண்டும். சாஷேயை மூழ்க வைத்து 250 முதல் 300 மி.மீ பாதரசம் வரை வேக்யூம் இழுத்து ஒரு நிமிடம் பாருங்கள். குமிழி சரமாக வந்தால் ஓட்டை. இந்த எண் வெறும் சம்பிரதாயம் அல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 180 மி.மீ பாதரசம் குறைவு. மேட்டுப்பாளையத்தில் தட்டையாக ஏறும் சாஷே குன்னூர் தாண்டும்போது தலையணையாக உப்பும். 300இல் பாஸான சாஷே மலை ஏறும், 150இல் பார்த்துவிட்டு அனுப்பினால் ஊட்டி டிஸ்ட்ரிபியூட்டர் போன் பண்ணுவார். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஜாவுக்குக் கீழே சாஷேயை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றும் ஸ்பாஞ்ச் பட்டை வைத்தால் போதும், விலை அதிகமில்லை.

சின்னச் சின்ன வெட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழிக்க வசதியாக ஓரத்தில் போடும் வெட்டு 5 மி.மீ சீலுக்குள் 2 மி.மீ ஆழம்தான் இருக்க வேண்டும். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்ட ஃபிலிமில் அச்சடித்த ஐ மார்க்கை போட்டோசெல் தவறவிட்டு ஃபிலிம் நகர்ந்தால் அந்த வெட்டு சரக்கு இருக்கும் இடத்துக்குப் போய்விடும். மெட்டலைஸ்டு ஃபிலிமில் ஐ மார்க்குக்குக் கீழே வெள்ளை மை போடச் சொல்லுங்கள், பளபளப்பில் செல் குழம்பாது. சரத்தில் இரண்டு சாஷேக்கு நடுவே வரும் துளைக்கோடு இன்னும் நுணுக்கம். 16 சாஷே சரம் 110 கிராமுக்கு மேல் கனக்கும். அந்தக் கனம் முழுவதையும் தாங்குவது மேலே இருக்கும் முதல் கோடு. துளை அதிகமானால் கடையில் ஃபேன் காற்றுக்கே சரம் அறுந்து விழும். குறைந்தால் அண்ணாச்சி அவசரத்தில் இழுக்கும்போது கோட்டில் பிரியாமல் சாஷே கிழியும். ஆணியில் மாட்டி, கீழே இருந்து ஒவ்வொன்றாக ஒரு கையால் பிய்த்துப் பாருங்கள். இதைவிடச் சிறந்த டெஸ்ட் கிடையாது. பேட்ச் எண்ணைச் சீலில் அழுத்திப் பதிக்கிறவர்கள் எழுத்து முனை கூர்மையாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 8, 0 போன்ற எண்களின் வளைவில்தான் ஃபிலிம் அறுபடும்.

சட்டமும் குப்பையும்

ஷாம்பு காஸ்மெட்டிக்ஸ் விதிகள் 2020க்குக் கீழ் வருகிறது. சொந்த யூனிட் என்றால் காஸ்-8 லைசென்ஸ், பிறர் யூனிட்டில் உங்கள் பெயருக்குத் தயாரித்தால் காஸ்-9 லோன் லைசென்ஸ். சாப்பாட்டுச் சரக்குக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம். 100 சதுர செ.மீக்குக் குறைந்த உறையில் மூலப்பொருள் பட்டியல், ஊட்டச்சத்து விவரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் வெளிப்பெட்டியில் அவை இருக்க வேண்டும். எடை அளவுச் சட்டத்தின் பாக்கெட் விதிகளில் 10 கிராம், 10 மில்லி வரை விலக்கு. அந்த விலக்கு பான் மசாலாவுக்கு 2026 பிப்ரவரி 1 முதல் கிடையாது. விலக்கு இருந்தாலும் அளவையும் விலையையும் அச்சிடுவதுதான் புத்திசாலித்தனம், கடையில் வாக்குவாதம் வராது.

குப்பைக் கணக்கு இனி தொழில் கணக்கிலேயே சேரும். உறைக் குப்பைக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று 2022இல் வந்த விதிகளில் பிளாஸ்டிக் சாஷே இரண்டாம் பிரிவு, ஃபாயில் போலப் பிளாஸ்டிக் அல்லாத அடுக்கு சேர்ந்தது மூன்றாம் பிரிவு. 2025-26இல் இரண்டாம் பிரிவில் 10 சதவீதமும் மூன்றாம் பிரிவில் 5 சதவீதமும் மறுசுழற்சி பிளாஸ்டிக் சேர வேண்டும் என்பது இலக்கு. சாஷேயை யாரும் பொறுக்குவதில்லை. கிலோ சேர ஆயிரம் உறை குனிந்து எடுக்க வேண்டும், எடுத்தாலும் பெட்டும் பாலித்தீனும் ஒட்டிய சரக்கை வாங்க ஆள் இல்லை. சேகரிப்பது பெரும்பாலும் சிமெண்ட் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. இலங்கை 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் தவிர 20 மில்லி, 20 கிராம் வரையிலான சாஷேயைத் தடையே செய்துவிட்டது. நான்கு 6 மில்லி சாஷேயைச் சேர்த்து ஒட்டி ஒரே பாக்கெட் என்று விற்றுப் பார்த்த சாமர்த்தியமும் அங்கே நடந்தது. இங்கே அப்படித் தடை வருமா என்பதைவிட, வாங்குகிற கம்பெனி இப்போதே ஒற்றைப் பொருள் ஃபிலிம் கேட்கிறது என்பதே யூனிட்காரர் கவனிக்க வேண்டியது.

ஒற்றைப் பொருள் என்றால் வெளியடுக்கும் பாலித்தீன், உள்ளடுக்கும் பாலித்தீன். மறுசுழற்சிக்கு நல்லது, சீலுக்குக் கொடுமை. பெட் 250 டிகிரி வாக்கில்தான் உருகும், அதனால் உள்ளே பாலித்தீன் உருகும்போது வெளியே அசையாது. இதில் வெளியடுக்கே 130க்குள் இளகிவிடும். முன்பு 20 டிகிரி தவறினாலும் மன்னித்த ஃபிலிம் இப்போது 5 டிகிரிக்கே ஜாவில் ஒட்டிச் சுருங்கும். தெர்மோகப்புள், கார்பன் பேப்பர் என்று மேலே சொன்னதெல்லாம் இந்த ஃபிலிம் வரும்போது கட்டாயம் ஆகும்.

குறைந்த சூட்டில் ஒட்டும் உள்ளடுக்கு உள்ள ரகத்தைக் கேளுங்கள். ஜாவின் டெஃப்லான் துணியைப் புதிதாக மாற்றுங்கள். அச்சடிக்காத ரோல் 20 கிலோ வாங்கி 110 டிகிரியில் தொடங்கி மூன்று மூன்றாக ஏற்றி ஓட்டி, எந்தச் சூட்டில் ஒட்டத் தொடங்குகிறது, எதில் சுருங்குகிறது என்று இரண்டு எண்களையும் குறியுங்கள். இடைவெளி 10 டிகிரிக்குக் குறைந்தால் உங்கள் மெஷினுக்கு அந்த ஃபிலிம் வேண்டாம், அல்லது சூட்டுக் கன்ட்ரோலரை மாற்றியாக வேண்டும். அச்சுக்கு சிலிண்டர் வெட்டச் சொல்வது அதற்குப் பிறகுதான். ஒரு டிசைனுக்குக் குறைந்தது 300, 500 கிலோ எடுக்கச் சொல்வார்கள், 500 கிலோ என்பது ஐந்து லட்சம் சாஷே. ஒட்டாத ஃபிலிமை அச்சடித்த பிறகு யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.